வலப்பக்கக் கதவு

டொலிடோ, ஒஹையோ
2 மார்ச் 1998

எமரிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இல்லாமல் என் கையெழுத்து தனியாக வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. கல்மன் மாமாகூட இருக்கிறார். எண்பத்தெட்டு வயதில் காது போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

வீட்டை விற்றுவிட்டேன். என் முழங்காலுக்கும் இந்த மாடிப்படிக்கும் ஒத்துவரவில்லை. ஏரிப் பக்கம் இரண்டு அறை உள்ள அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறேன். அங்கே கராஜ் கிடையாது. இந்த வீட்டை வாங்கியவர்கள் அக்டோபர் 15 வருகிறார்கள். அதற்குள் கராஜைக் காலி செய்தாக வேண்டும்.

கராஜில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நம் 1960 கார்வெட்டின் பாடி. எழுபத்தேழில் நீ விட்டுவிட்டுப் போன அதே மரத் தாங்கிகள் மேல், அதே பச்சை நீலத்தில், பக்கவாட்டில் வெள்ளை வளைவோடு அப்படியே இருக்கிறது. ஃபைபர் பாடி என்பதால் ஒரு பொட்டுத் துரு இல்லை. அடியில் இருந்த சேசிஸைத்தான் துரு தின்று தீர்த்தது. எண்பதில் பழைய இரும்புக்காரன் வந்து அதை மூன்று துண்டாக அள்ளிக்கொண்டு போனான்.

என்ஜினை நான் பிரித்துச் சரிசெய்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் பத்தொன்பது வருஷம் கை கறுத்தது வீண்போகவில்லை. போன மாதம் 1974 கார்வெட்டின் சேசிஸ் ஒன்று இங்கேயே கிடைத்தது. நம் பாடியைத் தூக்கி அதன் மேல் வைக்கப் போகிறேன். அக்டோபருக்குள் அது தன் சக்கரத்தில் கராஜை விட்டு வெளியே போக வேண்டும். இல்லையென்றால் குப்பை லாரியில் போகும்.

காரின் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். போன் செய்யாதே. போனில் நீ பாதியில் வைத்துவிடுவாய். எழுது.

வில்மா


டூசான், அரிசோனா
19 மார்ச் 1998

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சம்மதம் இல்லை.

அறுபதாம் வருஷத்துப் பாடியை எழுபத்து நாலாம் வருஷத்துச் சேசிஸ் மேல் வைப்பது கல்மன் மாமாவின் தலையை என் கழுத்தில் ஒட்டுவது மாதிரி. நடமாடும். ஆனால் யாரென்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

நீ எப்படியும் செய்யத்தான் போகிறாய். அதனால் இரண்டு விஷயம்.

முதலாவது, நாலு அங்குலம். நம் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 102 அங்குலம். நீ வாங்கியதில் 98. அப்படியே வைத்தால் பின் சக்கரம் அதன் வளைவுக்குள் முன்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சேசிஸை வெட்டி நீட்ட வேண்டும். பஸ் ஷெட்டில் இதைச் சொல்லித் தந்தார்களா?

இரண்டாவது, சுத்தியலை எடுத்துக்கொள். பின் சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் மேலே வளைந்து ஏறும் இடத்தில் தட்டிப் பார். மணி மாதிரி கேட்டால் நல்லது. தொப்பென்று கேட்டால் அதை விற்றவன் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

எழுபதாம் வருஷம் பனிக்காலம் முழுக்க, ரோட்டில் உப்பு கொட்டியிருக்கும்போதே, அந்தக் காரை வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனது யார் என்று நான் மறக்கவில்லை. "பஸ்ஸுக்கு நின்னா கால் விறைக்குதுடா"ன்னு சொன்னாய். உன் கால் நன்றாகத்தான் இருந்தது. சேசிஸ்தான் போனது.

எமரி


டொலிடோ
6 ஏப்ரல் 1998

எமரிக்கு,

தட்டினேன். சுத்தியல் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. கையை விட்டுத்தான் எடுத்தேன். மேலே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், உள்ளே பிஸ்கட்.

விற்றவனிடம் போய் நின்றேன். "பாத்துத்தானே வாங்குனீங்கம்மா"ங்கிறான். "பாத்தேன், தட்டலை"ன்னேன். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து சிரித்தாள். சந்தோஷமா உனக்கு? உப்பைப் பற்றி நீ சொன்னதும் சரி. அந்தப் பனிக்காலம் ஓட்டியது நான்தான். இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், போதுமா.

நேற்று கராஜில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டே சீட் இருக்கிற காரை மூன்று பேர் உள்ள வீட்டுக்கு வாங்கிய முட்டாள்கள் நாம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மாவை ஒரு வாரம் நீ கூட்டிப்போவாய், ஒரு வாரம் நான். மற்றவர் நடை. நீ ஓட்டினால் "மெதுவாடா, மெதுவாடா" என்று கோயில் வரை ஜெபம் சொல்லிக்கொண்டே வருவாள். நான் ஓட்டினால் மட்டும், "இன்னும் கொஞ்சம் மிதி வில்மா, அந்த எதிர்வீட்டு மார்கிட் நமக்கு முன்னாடி போயிருவா."

கதவை அவள் எப்படிச் சாத்துவாள், ஞாபகம் இருக்கிறதா? "பிளாஸ்டிக்குதானே, உடைஞ்சிரும்" என்று இரண்டே விரலால் இழுப்பாள். அதற்கே க்ளிக் என்று மூடிக்கொள்ளும். நாமெல்லாம் அறைந்தால்கூட அவ்வளவு சுத்தமாக மூடாது.

இப்போது அந்தக் கதவு மூடுவதே இல்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

என்னிடம் சேசிஸ் இல்லை. ஆறு மாதம் இருக்கிறது. சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டாய், சரி. வேறு என்ன செய்ய என்றாவது சொல்.

வில்மா


டூசான்
28 ஏப்ரல் 1998

அக்காவுக்கு,

டீலியாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பண்ணைக்குப் பின்னால் 1975 கார்வெட் ஒன்று பதினைந்து வருஷமாகக் கிடந்தது. பாடியை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சேசிஸ் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இங்கே மழையும் கிடையாது, உப்பும் கிடையாது. தட்டினேன். கோயில் மணி.

இப்போது என் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. "எதுக்கு இந்த எலும்புக்கூடு?" என்று டீலியா கேட்டாள். "அக்காவுக்கு"ன்னேன். "உனக்கு அக்கா இருக்காங்களா?"ன்னு கேட்டாள். பதினாறு வருஷமாக என் பெண்டாட்டி, கிறிஸ்துமஸ் அட்டைகளை அவள்தான் தபாலில் போடுகிறாள். குத்திக்காட்டத்தான் கேட்டாள்.

சம்மதம் இல்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் குப்பை லாரியில் போவதற்கு இது மேல்.

நாலு அங்குலம் நானே நீட்டித் தருகிறேன். தாமிரச் சுரங்கத்துப் பட்டறையில் இருபது வருஷமாக வெல்டிங்தான் என் வேலை, பயப்படாதே. அதற்கு எனக்கு அளவு வேண்டும். பாடியின் அடியில் சேசிஸோடு சேரும் போல்ட் ஓட்டைகள், ஒன்றிலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும். கதவு இடைவெளிகளின் அளவு, மேலேயும் கீழேயும், இரண்டு பக்கமும்.

இன்னொன்று. வலப்பக்கம் பாடி தொய்ந்திருக்கிறது. அது எப்படித் தொய்ந்தது என்று எழுது.

எமரி


டொலிடோ
10 மே 1998

எமரிக்கு,

அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். கதவு இடைவெளி இடப்பக்கம் மேலேயும் கீழேயும் ஒழுங்காக இருக்கிறது. வலப்பக்கம் மேலே அரை அங்குலம் குறைவு.

எப்படித் தொய்ந்தது என்றால் எனக்கு எப்படித் தெரியும்? தொய்ந்தது, அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் ஆகிறது.

சேசிஸுக்கு நன்றி. டீலியாவிடம் சொல்.

வில்மா


டூசான்
30 மே 1998

அக்காவுக்கு,

பாடி தானாகத் தொய்யாது.

கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது சேசிஸ்தான். அதை எடுத்துவிட்டால் கதவு இருக்கும் இடத்தில் பாடி மடங்கப் பார்க்கும். அதனால்தான் தூக்கும் முன்னால் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புப் பட்டையை முட்டாகப் போட்டு போல்ட் முடுக்குவது. இது உனக்கும் தெரியும். நான் முட்டுக் கொடுத்தபோது பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான்.

தூக்கும்போது தொய்ந்திருந்தால் முன்கண்ணாடியைத் தாங்கும் தூணின் அடியில் விரிசல் இருக்கும். தாங்கி மேல் இருக்கும்போது தொய்ந்திருந்தால் கதவுக்குக் கீழே தரை ஓரத்தில் இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எதற்கு என்று தெரியாமல் நான் சேசிஸில் தாங்குமிடத்தை வெல்டிங் செய்தால் அந்தக் கதவு எந்த ஜென்மத்திலும் மூடாது.

சொல்லும் வரை வெல்டிங் கம்பியைத் தொட மாட்டேன். சேசிஸ் மேல் பல்லிகள் குடியேறிவிட்டன.

எமரி


டொலிடோ
21 ஜூன் 1998

எமரிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை எழுதி முடித்ததும் திரும்பப் படிக்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

விரிசல் கதவுக்குக் கீழே, தரை ஓரத்தில் இருக்கிறது. எனக்கு எப்போதும் தெரியும்.

அம்மா போனது மார்ச் மாதம். ஏப்ரலில் நீ "வீட்ல சும்மா உட்கார முடியலை" என்று காரைப் பிரிக்க ஆரம்பித்தாய். ஞாயிறு பூசை முடிந்து எட்டுப் பேர் கோயில் சட்டையோடு வந்து பாடியைத் தூக்கினார்கள். கொல்லையில் பன்றிக் கொழுப்பைக் குச்சியில் சுட்டு, ரொட்டி மேல் சொட்டவிட்டு, வெங்காயம் வைத்துக் கொடுத்தோம். கல்மன் மாமா தூக்காமலேயே நாலு ரொட்டி தின்றார். அந்த நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முட்டு நின்றது, பாடி நேராக இருந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

அடுத்த வியாழன் நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் போகவில்லை. கராஜில் கழற்றி வைத்த சீட் இரண்டும் சுவரோரம் இருந்தன. அம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் போடும் பவுடர் வாசனை அதில் இருந்தது. வீட்டில் எங்குமே இல்லை எமரி, துணிமணியை எல்லாம் மார்கிட்டும் மற்றவர்களும் துவைத்துத் தானம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டில் மட்டும் இருந்தது.

சுவரோரத்திலேயே அதில் உட்கார்ந்திருக்கலாம். எனக்குக் காருக்குள் உட்கார வேண்டும் என்று இருந்தது. அவள் இடத்தில். சீட்டைத் தூக்கி உள்ளே வைக்க உன் முட்டுப் பட்டை குறுக்கே நின்றது. கழற்றினேன். "அஞ்சே நிமிஷம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை வைத்து ஏறி உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நடுவில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கராஜ் கூரை என்று நினைத்தேன். உண்மையில் நினைக்கவில்லை. கூரை என்று நினைக்க விரும்பினேன்.

இறங்கி முட்டுப் பட்டையைத் திரும்பப் போட்டால் ஓட்டை பொருந்தவில்லை. அரை அங்குலம். அரத்தை எடுத்து ஓட்டையை ராவிப் பெரிதாக்கி போல்ட்டை முடுக்கினேன். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதம் நீ அடியில் கட்டை கொடுத்து, முட்டுப் பட்டையை எடுத்துவிட்டு வலப்பக்கக் கதவை மாட்டினாய். மூடவில்லை. அன்றைக்குக் கொல்லையில் அத்தனை பேரும் இருந்தார்கள். கல்மன் மாமா, "எமரி முட்டுக் குடுத்தா மாதாகோயில் கோபுரமே சாஞ்சிரும்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான், "உனக்கு எப்பவுமே அவசரம்" என்றேன்.

அவ்வளவு பேர் நடுவில், என் வாயால், அதைச் சொன்னேன். ஜூனில் நீ போய்விட்டாய். இன்றைக்கும் இந்தப் பகுதியில் எதுவாவது கோணலாக நின்றால் "எமரி முட்டு" என்கிறார்கள். உன்னைத் தெரியாத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மன்னிப்பு கேட்கிறேன். அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

வில்மா


டூசான்
8 ஜூலை 1998

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

நான் போல்ட் போட்டால் தலை வெளிப்பக்கம் இருக்கும். எப்போதும் அப்படித்தான். மே மாதம் முட்டுப் பட்டையை எடுக்கப் போனபோது வலப்பக்கம் இரண்டு போல்ட்டுக்கும் தலை உள்பக்கம் இருந்தது. ஓட்டையில் அரம் போன தடம் வெள்ளி மாதிரி மின்னியது. சீட்டைத் திரும்ப வைத்தபோது இடம் மாற்றி வைத்திருந்தாய். யார், எதற்கு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

கதவு மூடாது என்று மாட்டும் முன்பே எனக்குத் தெரியும். நீ சொல்வாய் என்று நினைத்துத்தான் உன்னைப் பார்த்தேன். "நான்தான்டா" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மாமாவோடு சேர்ந்து நானும் சிரித்திருப்பேன்.

நானும் சொல்லவில்லை. முதலில், நீ அம்மா சீட்டில் உட்கார்ந்து அழுததை அந்தக் கும்பல் நடுவில் போட்டு உடைக்க மனசு வரவில்லை. அது ஒரு மாதத்துக்குத்தான் காரணம். அப்புறம் இருபத்தொரு வருஷத்துக்கு வேறு காரணம். தப்பு செய்தது நீ, நான் யோக்கியன் என்று தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. அதை விட மனசில்லை. டீலியாவுக்குக்கூடச் சொன்னதில்லை. நேற்று உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் அறை குடுக்கணும்" என்றாள்.

இனி வேலை. விரிசல் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஜாக்கியை வை. நடுவில் பலகைத் துண்டு. ஒரு நாளைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். காலையில் காப்பிக்கு முன்னால் செய், மறக்காது. பாடி மெதுவாகத் தொய்ந்ததென்றால் மெதுவாகத்தான் எழும். இடைவெளி இடப்பக்கத்து அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு எழுது.

வெல்டிங் ஆரம்பித்துவிட்டேன்.

எமரி


டொலிடோ
2 ஆகஸ்ட் 1998

எமரிக்கு,

தெரியுமா? உனக்குத் தெரியுமா?

இருபத்தொரு வருஷம் நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் முட்டி போட்டு அந்த அரை அங்குலத்துக்காக அழுதிருக்கிறேன். நீ அங்கே வெயிலில் உட்கார்ந்து யோக்கியனாகச் சுகம் கண்டாயா? தெரியும் என்று ஒரு வரி, ஒரு கிறிஸ்துமஸ் அட்டையின் ஓரத்தில் எழுத உனக்குக் கை வரவில்லையா?

நான் செய்தது தப்பு. அதை ஒப்புக்கொண்டாயிற்று. நீ செய்ததற்குப் பெயர் என்ன என்று டீலியாவைக் கேள். அவள் எனக்குப் பிடித்துப் போய்விட்டாள்.

சேசிஸை மட்டும் அனுப்பு. நீ வர வேண்டாம்.

இன்று காலை வரை இருபத்திரண்டு கால் சுற்று. கால் அங்குலம் எழுந்திருக்கிறது. உனக்காக எழுதவில்லை, கணக்கு சரியா என்று தெரிய வேண்டும்.

வி.


டூசான்
17 ஆகஸ்ட் 1998

அக்காவுக்கு,

கணக்கு சரி.

நீ திட்டியதும் சரி. அதற்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டாம், நானே கண்டுபிடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். நம் வீட்டில் கேட்டதில்லைதான். நீ ஆரம்பித்தாய், நான் தொடர்கிறேன்.

சேசிஸ் நேற்று லாரியில் ஏறிவிட்டது. பாடி சேரும் ஒவ்வொரு இடத்திலும் உயரத்தைச் சரிசெய்ய அடியில் எத்தனை பேக்கிங் தகடு வைக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதியிருக்கிறேன். நம் பழைய சேசிஸிலும் பாக்டரிக்காரன் அப்படித்தான் எழுதியிருந்தான், நினைவிருக்கிறதா? அதைத் துடைக்கப் போன என்னை நீ கையில் அடித்தாய். வலப்பக்கக் கதவுக்குப் பின்னால் உள்ள இடத்தில் மட்டும் எண் எழுதவில்லை. அதைக் கதவு இடைவெளியை நேரில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். கடிதத்தில் சொல்ல முடியாது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. நீ வராதே என்றால் வரவில்லை. வரலாம் என்றால் பதில் எழுத வேண்டாம், கொழுப்பு வாங்கி வை.

எமரி


டொலிடோ
11 அக்டோபர் 1998

எமரிக்கு,

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. கழுவ ஆள் இல்லாமல் கொழுப்புச் சட்டி இன்னும் கொல்லையில் கிடக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. நீ விமானம் ஏறிய மறுநாள் கல்மன் மாமா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் மகள், பேரன், மார்கிட், எல்லோரும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று, அவர் காதுக்குள் கத்தினேன். "மாமா, அந்த முட்டுப் பட்டையைக் கழட்டுனது நான்! எமரி இல்லை! நான்!" தெருவில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். மாமா "தெரியுமே"ன்னார். "எப்படி?"ன்னேன். "அவன் போனப்புறம் அந்த வீட்ல யாரு மூஞ்சி தொங்கிப்போய்க் கெடந்துச்சுன்னு நான் பாக்கலையா?" எனக்கு அவரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. மாமாவுக்குக்கூடத் தெரிந்த ஒன்றை நாம் இருவரும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்தோம்.

அவர் இப்போது அதை "வில்மா முட்டு" என்று மாற்றிவிட்டார். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நீ வந்திருந்தபோது பாடியைத் தூக்க வந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். பழைய எட்டுப் பேரில் மூன்று பேர்தான் மிச்சம். அதில் ஒருவருக்கு இடுப்பு ஆபரேஷன், நாற்காலியில் உட்கார்ந்து "வலது பக்கம் இறக்கு" என்று கத்தினார், யாரும் கேட்கவில்லை. மற்ற இடங்களில் பெண்பிள்ளைகள் நின்றார்கள். மார்கிட்டின் மருமகள் தனியாளாக ஒரு மூலையைத் தாங்கினாளே, பார்த்தாய் இல்லையா? பின் சக்கரம் வளைவுக்கு நடுவில் போய் நின்றது. நீ மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் அளந்தாய். பிறகு எழுந்து போய் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். உன் நாலு அங்குலம் சரியாக இருந்தது. நான் பக்கத்தில் வந்து நிற்காதது உனக்காகத்தான்.

வலப்பக்கத்துக்கு நாலு தகடு வைத்தாய். எடுத்தாய், மூன்று வைத்தாய். சேசிஸில் சுண்ணாம்பால் 3 என்று எழுதினாய். "இனி கதவு மூடுமா?"ன்னு கேட்டதுக்கு, "விரிசல்ல போட்ட பசை நல்லா இறுகணும், ஒரு மாசம் முட்டுப் பட்டையை எடுக்காதே. அப்புறம் நீயே எடு"ன்னு சொல்லிவிட்டுப் போனாய். நீ இருந்து பார்த்துவிட்டுப் போகாதது எனக்கு அப்போது கோபம்.

நேற்று எடுத்தேன்.

ஸ்பேனரை வைத்துத் தேடினால் வெளிப்பக்கம் போல்ட் தலை இல்லை. நட்டுதான் இருந்தது. இரண்டு போல்ட்டுக்கும் தலை உள்பக்கம். நீ வாழ்நாளில் அப்படிப் போட்டதில்லை. என் மாதிரி போட்டிருக்கிறாய். கராஜ் நடுவில் தரையில் உட்கார்ந்து, அறுபது வயதுக் கிழவி, சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

முட்டுப் பட்டையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். டிக் என்று எதுவும் கேட்கவில்லை. கதவை மாட்டி, அம்மா சீட்டை உள்ளே வைத்து, ஏறி அதில் உட்கார்ந்தேன். பவுடர் வாசனை எப்போதோ போய்விட்டது. பழைய தோல் வாசனைதான். ஆனாலும் அவள் இடம்தானே. பிறகு கதவின் பிடியில் இரண்டு விரலை வைத்து இழுத்தேன். அறையவில்லை. இரண்டே விரல்.

மூடிக்கொண்டது எமரி.

திறந்து மறுபடி மூடினேன். திரும்பத் திரும்ப மூடினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்னாச்சு, பூட்டு கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டாள். "இல்லை, சரியாயிருச்சு"ன்னேன்.

சரி, முடிவாக. நீ போன பிறகு என்ஜின், பிரேக், விளக்கு எல்லாம் மாட்டி ஓடவைத்துவிட்டேன். வியாழக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அபார்ட்மென்ட்டில் கார் நிற்க இடமில்லை. இன்னும் மூன்று வாரத்தில் இங்கே ரோட்டில் உப்பு போட ஆரம்பித்துவிடுவார்கள். உப்பால் ஒரு சேசிஸைக் கொன்றது போதும். வெள்ளிக்கிழமை காலை தெற்கே கிளம்புகிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு மைல், அதற்கு மேல் என் முழங்கால் கேட்காது. முதல் பனி விழும் முன்பு நான் மிசௌரி தாண்டிவிடுவேன். கார் அங்கேயே இருக்கட்டும், அந்த வறட்டு ஊரில் அதற்குத் துரு பிடிக்காது. நான் பஸ்ஸில் திரும்புவேனா, அங்கேயே இருப்பேனா என்பதை டீலியாவின் சமையலைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வாசலில் நின்று ஹாரன் அடிக்க மாட்டேன். இறங்கி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்து, இரண்டு விரலால் சாத்துவேன். அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். கேட்டதும் வெளியே வா.

வில்மா